மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே

அந்தக் கட்டடத்து லிப்ட் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஒரே மாதத்தில் பதினொரு தடவை நின்றிருக்கிறது. பதினொரு தடவையும் காலை ஆறு பத்துக்கு. பதினொரு தடவையும் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே. நான் பையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் தானாகவே சரியாகி, ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி கீழே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். லிப்ட் மெக்கானிக் என்றால் லிப்டிலேயே ஏறி இறங்கிச் சுகமாக இருப்பவன் என்று ஊர் நினைக்கிறது. ஓடாத லிப்டைப் பார்க்கத்தானே ஐயா எங்களைக் கூப்பிடுகிறீர்கள்? இருபத்திரண்டு வருடமாகப் படியேறிப் படியேறி என் முட்டி இரண்டும் தேய்ந்துபோயிற்று.

மோட்டாரைப் பார்த்தேன். கயிற்றைப் பார்த்தேன். கதவு, பிரேக், ஒயர் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டினேன். எதிலும் குறையில்லை. பழுது இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். பழுதே இல்லாமல் நிற்கிற லிப்டை என்ன செய்வது? பன்னிரண்டாவது நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கையும் களவுமாகப் பிடிப்பது என்று ஐந்தரை மணிக்கே போய் மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆறு பத்துக்கு லிப்ட் மேலிருந்து இறங்க ஆரம்பித்தது. அரை மாடி வந்தது. நின்றது. நான் பாய்ந்து எழுந்து என் சாவியைப் போட்டு வெளிக்கதவை இழுத்தேன். உள்கதவையும் கையால் தள்ளினேன். என் நெஞ்சு உயரத்தில் லிப்டின் தரை தெரிந்தது. அதில் கழற்றி வைத்த ஒரு ஜோடி செருப்பு, மடித்துப் போட்ட துண்டு, துண்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண். கண்ணை மூடியிருந்தார்.

"யாரும்மா அது? என்ன பண்றீங்க?"

"பத்து நிமிஷம் பொறுங்கண்ணே."

"பொறுக்கணுமா? லிப்டை நிறுத்தினது நீங்கதானா?"

"கத்தாதீங்க. கத்தல் இல்லாத இடம் வேணும்னுதான் இங்க வந்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் சொன்ன விதத்தில் ஏதோ இருந்தது. வாயை மூடிக்கொண்டு படியில் போய் உட்கார்ந்தேன். சரியாகப் பத்து நிமிஷம் கழித்து உள்ளே சிவப்புப் பொத்தானை இழுத்து விடுகிற சத்தம் கேட்டது. லிப்ட் இறங்கி மூன்றாவது மாடியில் நின்றது. அவர் துண்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். நாலாவது மாடியில் குடியிருக்கிறாராம். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. ஏழு மணிக்கு டியூட்டி. வயிறு லேசாகத் தெரிந்தது. ஐந்தாவது மாதம் என்றார்.

"உள்ள உக்காந்து என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

"ஆண்டவர் பேசுறதுக்குக் காத்திருக்கேன்."

நானும் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிறவன்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிரசங்கம் முடியுமுன் பைக்கை எடுக்கிற ஜாதி. ஜெபம் என்றால் கேட்பது என்றுதான் எனக்குத் தெரியும். அதைக் கொடு, இதைக் கொடு, முட்டி வலியைக் குறை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது என்பது எனக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

அவர் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன கதை இதுதான். மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். இது நாலாவது. வீட்டுக்காரருடைய அக்காவுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், பிள்ளை இல்லை. இந்த நாலாவதை அந்த அண்ணிக்குக் கொடுத்துவிடுவது என்று வீட்டில் எல்லோரும் கூடி முடிவு செய்துவிட்டார்கள். அடுத்த வார சனிக்கிழமை இரண்டு பக்கத்துச் சொந்தமும் வரும். அத்தனை பேர் முன்னால் இவர் 'சரி' என்று வாயால் சொல்ல வேண்டும்.

"வீட்டுக்காரருக்கு ஆண்டவர் கனவுல சொன்னாராம். மாமனாருக்குக் குளிக்கும்போது சொன்னாராம். அண்ணிக்கும் சொல்லிட்டாராம். எல்லாருக்கும் சொல்லிட்டாருண்ணே. பிள்ளை இருக்கிறது என் வயித்துல. எனக்கு மட்டும் இன்னும் சொல்லல."

"வீட்டுலயே உக்காந்து கேக்க வேண்டியதுதானே?"

"எங்க வீட்டுலயா? அவரே பேச வந்தாலும் வரிசையில நிக்கணும்."

அது மிகையில்லை என்று பிறகு நானே கண்டேன். மாமனார் வாழ்நாள் முழுக்க பஸ் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த நடைமேடை என்று நாற்பது வருடம் சொன்ன வாய். இப்போது அதே தொண்டையில், அதே ஏற்ற இறக்கத்தில், குடும்ப ஜெபத்தில் ஆண்டவருக்கு அறிவிப்புச் செய்கிறார். வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, அடுத்தவரை ஓட்டச் சொல்லும் தொழில். வீட்டிலும் அந்தப் பிரேக் அவர் காலடியில்தான்.

சபையின் போதகர் இவரிடம், தினமும் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு ஆண்டவர் பேசுவதைக் கேள் என்று சொல்லியிருக்கிறார். எங்கே போய்க் கேட்பது? குளியலறையில் உட்கார்ந்தால் இரண்டாவது நிமிஷம் கதவைத் தட்டுகிறார்கள். மொட்டைமாடிக்குப் போனால் துணி காயப்போட வருகிறவர்கள் ஆளுக்கொரு புத்திமதி சொல்கிறார்கள். சபையில் பாட்டுப் பயிற்சி. ஒரு நாள் தற்செயலாக இந்த லிப்ட் நின்றிருக்கிறது. சுற்றிலும் கான்கிரீட். போன் எடுக்காது. யாரும் வந்து தட்ட முடியாது. இதுதான் இடம் என்று மறுநாளிலிருந்து தானே சிவப்புப் பொத்தானை அமுக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன். எனக்கே ஆவலாக இருந்தது.

"இல்லண்ணே. இன்னும் இல்ல." கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "சனிக்கிழமைக்குள்ள சொல்லணும். இல்லன்னா நான் சரின்னு சொல்லியாகணும். எல்லாருக்கும் சொன்னவரு பேச்சை நான் மட்டும் எப்படி மீறுறது?"

அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் கீழே வந்தேன். லிப்டுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும். வந்த நாள், பழுது, காரணம் மூன்றையும் நாங்கள் அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினொரு நாளாகக் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி எழுதி என் மானம் போயிருந்தது. இன்றைக்குத்தான் காரணம் தெரிந்துவிட்டதே! தொழில் கர்வம் என்று ஒன்று இருக்கிறது பாருங்கள். அழகாக, கொட்டை எழுத்தில், 'காரணம்: ஜெபம். லிப்டில் குறையில்லை' என்று எழுதிவிட்டு வந்தேன்.

நுணலும் தன் வாயால் கெடும். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை, கெட்டது அந்தப் பெண்ணின் பாடு. நான் எழுதியதை முதலில் படித்தவர் கட்டடத்துச் சங்கச் செயலாளர். அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மிஷின் சும்மா இருக்கிறதே என்கிற ஒரே காரணத்துக்காக நாளுக்கு நாலு நோட்டீஸ் ஒட்டுகிற ஆள். மறுநாள் சங்கக் கூட்டம். ஜெபித்தது யார், ஏன் என்று விசாரித்து எல்லாம் வெளியே வந்துவிட்டது. அதற்கு மறுநாள் ஒவ்வொரு மாடியிலும் நோட்டீஸ்: 'லிப்டில் அமைதி நேரம். காலை நான்கு பேர், மாலை நான்கு பேர். ஒருவருக்குப் பத்து நிமிடம் மட்டுமே. பெயர் பதிந்து எண் பெற்றுக்கொள்ளவும். அமைதியின்போது வாய்விட்டுப் பேசக் கூடாது. அமைதி முடிந்ததும் விளக்கை அணைக்கவும்.'

அறுபது வீடு உள்ள கட்டடம். இத்தனை பேருக்கு அமைதி தேவைப்பட்டது என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. இரண்டாவது மாடி டியூஷன் டீச்சர் பத்து நிமிஷமும் தூங்கினார். முதல் மாடியில் ஒரு புருஷன் பெண்டாட்டி, சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் பாதியில் எழுந்து போக முடியாத ஒரே இடம் இதுதான் என்று சேர்ந்து எண் வாங்கினார்கள். ஒரு சர்க்கரை வியாதிக்காரர் கையில் பொட்டலத்தோடு உள்ளே போய் வெறும் காகிதத்தோடு வெளியே வந்தார். கடவுள் இல்லை என்று வாதாடும் ஒருவரும் பெயர் கொடுத்தார். அங்கே கடவுள் இல்லை என்பதைத் தானே நேரில் உறுதி செய்துகொள்ள வேண்டுமாம். அவர்தான் எல்லோரையும்விட ஒழுங்காகக் கண்ணை மூடி உட்கார்ந்தார் என்று செயலாளர் என்னிடம் சொன்னார்.

அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த எண் எழுபத்து நாலு. கணக்குப் போட்டுப் பார்த்தால் சனிக்கிழமை தாண்டி ஞாயிற்றுக்கிழமை.

வியாழக்கிழமை எண்ணெய் போடப் போனபோது அவரைப் படியில் பார்த்தேன். எப்படி முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பரவாயில்லண்ணே. உங்க வேலை, நீங்க எழுதுனீங்க," என்றார். "இந்த ஒரு வாரமா எல்லா இடத்திலயும் உக்காந்து பாத்துட்டேன். நேத்து ரத்தம் வைக்கிற பிரிட்ஜ் ரூம்ல கூட உக்காந்தேன். சளி பிடிச்சதுதான் மிச்சம்."

என் தலையில் இதை யார் கட்டினார்கள் என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது. வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான். ஆனால் இந்தக் கதையில் நான்தான் ஓணான்.

எங்கள் தொழிலில் வருடத்துக்கு ஒரு முறை ஆள் நிறைத்து ஓட்டிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அந்த நேரத்தில் லிப்ட் யாருக்கும் சொந்தமில்லை, மெக்கானிக்குக்குத்தான் சொந்தம். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சோதனை என்று எழுதிக் கொடுத்தேன். ஆள் நிறைப்பதாக எழுதிவிட்டு அந்தப் பெண்ணை மட்டும் ஏற்றி, நடுவில் நிறுத்தி, நான் மூலையில் பேசாமல் நின்றுவிடுவது என்பது திட்டம். அவரிடமும் சொல்லிவிட்டேன். செயலாளரின் கையெழுத்து ஒன்று மட்டும் வேண்டியிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு, ஆள் நிறைக்க வரலாம் என்று நோட்டீஸும் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது நாலாவது மாடி லிப்ட் வாசலில் மொத்தக் குடும்பமும் குளித்து, தலை சீவி நின்றது. அந்தப் பெண், வீட்டுக்காரர், மாமனார். சனிக்கிழமைக்காக முந்தின நாளே வந்து தங்கியிருந்த அண்ணி. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற தையற்காரர் அவர். ஒல்லியான ஆள், அதிகம் பேசாதவர். ஊசி குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் கரடுதட்டியிருந்தது. கூடவே செயலாளர், கையில் கடிகாரத்தோடு.

"நீங்கள்லாம் எதுக்கு?" என்றேன்.

"மருமகளுக்கு ஆண்டவர் என்ன சொல்றாருன்னு நாங்களும் கூட இருந்து கேக்கணும்," என்றார் மாமனார். குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது. "அவ தப்பா கேட்டுட்டா?"

என்னோடு சேர்த்து ஆறு பேர். அந்த லிப்டுக்கு ஆறு பேர்தான் அளவு. இவர்களைத் துரத்த எனக்குச் சட்டத்தில் இடமில்லை, ஆள் நிறைத்து என்று நானே எழுதியிருக்கிறேனே. இடம் போதாமல் என் கருவிப் பையை வெளியே வைத்தேன். அமைதி நேரத்து விதிப்படி செயலாளர் எல்லோருடைய போனையும் ஒரு அட்டைப் பெட்டியில் வாங்கி அதையும் வெளியே வைத்தார். லிப்ட் அரை மாடி இறங்கியது. சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

அந்தப் பெண் துண்டைப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"அன்பின் பரலோகப் பிதாவே!" என்று ஆரம்பித்தார் மாமனார்.

"அங்கிள், பேசக் கூடாது. விதி," என்றார் செயலாளர்.

"மூச்சை மெதுவா விடு," என்றார் வீட்டுக்காரர் மனைவியிடம். "மெதுவா, மெதுவா. அவசரப்படாத. முன்னாடி பாரு. கண்ணை மூடிட்டே முன்னாடி பாரு."

"மூணு நிமிஷம் ஆச்சு. அமைதி நல்லா போகுது," என்று அறிவித்தார் செயலாளர்.

"கேட்டுச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

"இன்னும் இல்லங்க."

"இப்ப?"

அண்ணி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் மூடிய கண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இதுதான் அவருக்குக் கிடைக்கப்போகிற கடைசிப் பத்து நிமிஷம். அதையும் இந்தக் கூட்டத்துக்குக் காட்டிக்கொடுத்தவன் நான். பத்து நிமிஷம் முடிந்தது என்று செயலாளர் கை தட்டினார். பொத்தானை இழுத்தேன்.

லிப்ட் அசையவில்லை. மறுபடி இழுத்தேன். பொத்தான் கையோடு வந்துவிட்டது.

ஆபத்து நேரத்தில் எப்போதோ ஒரு தடவை அமுக்குவதற்கென்று வைத்த பொத்தானை ஒரே வாரத்தில் ஐம்பத்தாறு தடவை அமுக்கினால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் என்ன ஆகும்? எண்ணெய் போட வந்தவன் அதைக் கவனித்திருக்க வேண்டாமா? கவனிக்கவில்லை. கருவிப் பை வெளியே. போன் வெளியே. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு சாதாரணப் பயணி மாதிரி, மணி படம் போட்ட பொத்தானை அமுக்கினேன். எங்கள் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் அது. கூரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு இளம்பெண் பேசினாள்.

"வணக்கம். பதட்டப்படாதீங்க. நீங்க பத்திரமா இருக்கீங்க."

"பதட்டமெல்லாம் இல்லம்மா. நான் மெக்கானிக் பேசுறேன்."

"மெக்கானிக் வந்துட்டே இருக்கார் சார்."

"வரலம்மா. நான்தான் மெக்கானிக். இங்க உள்ள இருக்கேன்."

"கண்டிப்பா வருவார் சார். நம்பிக்கையோட இருங்க."

"ஆமென்," என்றார் மாமனார்.

வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகியிருக்கும் போல. எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. எத்தனை பேர் என்று கேட்டாள். ஆறு என்றேன். இதய நோயாளி, முதியவர், கர்ப்பிணி யாராவது உண்டா என்று கேட்டாள். கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார் என்றேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அப்ப இனிமே நான் அவங்ககிட்ட மட்டும்தான் பேசணும். மத்தவங்க யாரும் நடுவுல பேசக் கூடாது. அப்படித்தான் இங்க போட்டிருக்கு."

"நான் அவ வீட்டுக்காரன்," என்று முன்னால் வந்தார் டிரைவிங் ஸ்கூல்காரர். "எதுவா இருந்தாலும் என்கிட்ட..."

"நீங்க கர்ப்பமா சார்?"

"இல்ல."

"அப்ப பேசாதீங்க."

இவ்வளவு வருடத்தில் அந்த மனிதரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். வாயை மூடிக்கொண்டார். மாமனார் தொண்டையைச் செருமினார். "சார், அதுவும் வேணாம்," என்றது ஓட்டை.

"அம்மா, மூச்சு விடச் சிரமமா இருக்கா?"

"இல்லம்மா."

"தலை சுத்துதா?"

"இல்ல."

"உங்களுக்கு இப்ப என்ன வேணும்?"

அந்தப் பெண் வாயைத் திறந்தார். ஓட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவசரமில்லம்மா. யோசிச்சுச் சொல்லுங்க. நான் லைன்லதான் இருக்கேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்கவில்லை. வீட்டில் கேட்கவில்லை, சொந்தக்காரர்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆண்டவர் என்ன சொன்னார் என்றுதான் நானும் கேட்டேன். லிப்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டார். எத்தனை நேரம் போயிற்றென்று தெரியாது.

"எனக்கு இந்தப் பிள்ளை வேணும்," என்றார் அந்தப் பெண்.

காகிதம் புரண்டது. "தண்ணி, காத்து, டாக்டர்னு மூணுதான் இங்க இருக்கும்மா. 'மற்றவை'ன்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க."

மாமனாரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "இது யார் வாக்கும்மா? உன்னோடதா, ஆண்டவரோடதா?"

"என்னோடதுதான் மாமா. அவர் ஒன்னும் சொல்லல. நானும் எத்தனையோ நாள் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்து பாத்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லல. ஏன்னு எனக்குத் தெரியாது. ஆனா எனக்கு வேணும்."

"எனக்குக் கனவுல..." என்றார் வீட்டுக்காரர், குரலே எழும்பாமல்.

"என்ன சொன்னாருங்க? சொன்னதை அப்படியே சொல்லுங்க."

"சொல்லலைன்னுதான் சொல்லணும். அக்கா ஒரு பிள்ளையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. எங்க டிரைவிங் ஸ்கூல் வண்டியில. நான்தான் அதை ஆண்டவர் சொன்னதா..." பாதியில் நிறுத்திக்கொண்டு தன் காலைப் பார்த்தார்.

மாமனாரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரும் குளிக்கும்போது கேட்டதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த நேரத்தில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்தான் அழுகிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை.

"ஹலோ? யார் அழுறீங்க?" என்றது ஓட்டை.

"நான்தான்மா," என்றார் அண்ணி.

"நீங்களும் கர்ப்பமா மேடம்?"

என்னால் அந்த ஓட்டையை அடைத்திருக்க முடிந்திருந்தால் அடைத்திருப்பேன். அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "இல்லம்மா. பன்னெண்டு வருஷமா இல்ல."

காகிதம் புரண்டது. மறுபடி புரண்டது. கட்டுப்பாட்டு அறைப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்ததில் இதற்கு எதுவும் இருந்திருக்காது. வாசிக்கிற குரல் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள். "பரவாயில்ல மேடம். நீங்களும் பேசுங்க."

அண்ணி சுவரோடு சரிந்து தரையில், தம்பி மனைவியின் துண்டு ஓரத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் அவர் ஒன்னும் சொல்லல," என்றார். "வீட்டுல பைபிள் வசன அட்டை போட்டு வச்சிருக்கிற பெட்டியில ஒன்னு எடுத்தேன். காத்திருன்னு வந்துச்சு. உள்ள வச்சுட்டு இன்னொன்னு எடுத்தேன். அதுலயும் காத்திரு. மூணாவதுலயும் அதேதான். இன்னும் எவ்வளவு நாளைக்குய்யா காத்திருக்கிறதுன்னு கோவம் வந்துடுச்சு எனக்கு. நாலாவது அட்டையில பிள்ளைங்களைப் பத்தி என்னமோ வந்துச்சு. ஆண்டவர் சொல்லிட்டாருன்னு எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன்."

அந்தப் பெண் கையை நீட்டி அண்ணியின் கரடுதட்டிய விரலைப் பிடித்துக்கொண்டார். அந்த இடத்தில் நான் எதற்கு நிற்கிறேன் என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, ஊரின் அந்தக் கோடியிலிருந்து எங்கள் ஆள் ஒருவன் வந்து, மேலே மோட்டார் அறைக்கு ஏறி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிப்டை நாலாவது மாடிக்கு ஏற்றினான். என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். எல்லோரும் இறங்கினார்கள். அண்ணி மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

"தம்பி, கதவை மூடிடுங்க," என்றார் என்னிடம். "கொஞ்ச நேரம்."

"இப்ப ஐம்பத்தேழாம் எண்," என்று ஆரம்பித்தார் செயலாளர். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கதவை மூடினேன். ஐம்பத்தேழாம் எண் படியேறி வந்து சண்டை பிடித்தது. ஐம்பத்தெட்டாம் எண்ணும் வந்தது. லிப்ட் பழுது என்று இருவரையும் துரத்திவிட்டேன். வீட்டுக்காரரும் மாமனாரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். வழக்கமாகக் கேட்கும் ஜெபச் சத்தம் அன்று கேட்கவில்லை. அந்தப் பெண் வேலைக்குப் போகவில்லை. லிப்ட் வாசலுக்கு எதிரே படியில் உட்கார்ந்து மூடின கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று.

உள்ளேயிருந்து கதவைத் தட்டினார் அண்ணி. திறந்தேன். கண் வீங்கியிருந்தது. புடவையை உதறிச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

"ஏதாவது சொன்னாரா அண்ணி?"

"இல்ல. நானும் ஒன்னும் கேக்கல. அவரும் சும்மா இருந்தாரு, நானும் சும்மா இருந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "நல்லாத்தான் இருந்துச்சு."

பிறகு குனிந்து, அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார். "நாளைக்கு எல்லாரும் வருவாங்க. நீ ஒரு வார்த்தையும் பேச வேணாம். எனக்கு வேணாம்னு நான் சொல்லிக்கிறேன்."

"அண்ணி, உங்களை என்ன பேசுவாங்க தெரியுமா?"

"தெரியும். பேசட்டும்."

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி வீட்டுக்குள் போனார்கள். நான் பையைத் திறந்து புதுப் பொத்தானை எடுத்து மாட்ட உட்கார்ந்தேன். திருகாணி இரண்டு முறை கீழே விழுந்தது, இரண்டு முறையும் தேடி எடுத்து முடுக்கினேன்.